முப்பத்திரண்டா, அறுபத்து நான்கா

நவம்பர் 3, திங்கள்

எங்கள் பள்ளி அலுவலகத்துக்குப் புதிய கம்ப்யூட்டர் வருகிறது. ஒன்றே ஒன்றுதான். ஆனால் தலைமையாசிரியை பகவதி டீச்சர் காலை வழிபாட்டில் அறிவித்த விதத்தைக் கேட்டவர்கள், தென்காசியில் ராக்கெட் தளம் திறக்கிறார்கள் என்றே நினைத்திருப்பார்கள். முன்னாள் மாணவியர் சங்கம் வாங்கித் தருகிறதாம். கைதட்டச் சொன்னார்கள். தட்டினோம்.

மூன்றாம் பாடவேளையில் என்னைத் தலைமையாசிரியை அறைக்கு அழைத்தார்கள். பதினொன்றாம் வகுப்பில் கம்ப்யூட்டர் சயன்ஸில் நான்தான் முதல் மதிப்பெண். பெருமைக்காக எழுதவில்லை, நாட்குறிப்பில் உண்மை இருக்க வேண்டும். அந்தப் பாடத்தின் ஆசிரியை டெய்சி மிஸ் பிரசவ விடுப்பில் இருக்கிறார். அவருக்குப் பதிலாக விளையாட்டு ஆசிரியை ஜெபராணி டீச்சர் வருகிறார். எங்களை உயர வரிசையில் நிறுத்தி, விசில் ஊதித்தான் லேபுக்குள் விடுவார். ஆகவே கம்ப்யூட்டர் பற்றித் தெரிந்தவர் என்று பள்ளியில் மிஞ்சியது நான் ஒருத்திதான்.

அறையில் சர்வீஸ்காரர் மைதீன் அண்ணன் பையோடு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

“விண்டோஸ்ல முப்பத்திரண்டு பிட்டு போடவா, அறுபத்து நாலு பிட்டு போடவா டீச்சர்? ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா வேலைய முடிச்சிருவேன்.”

அந்த ஒரு வார்த்தை முக்கால் மணி நேரமாக வரவில்லை.

“அறம் முப்பத்திரண்டு,” என்றார் தமிழ் டீச்சர்.

“கலை அறுபத்து நாலு இருக்குல்லா?” என்றார் ஜெபராணி டீச்சர்.

“பள்ளிக்கூடத்துக்கு அறம் முக்கியமா, கலை முக்கியமா?” என்று பகவதி டீச்சர் உண்மையாகவே யோசித்தார்.

“பல்லு கூட முப்பத்திரண்டுதான்,” என்றார் மைதீன் அண்ணன். “மெமரி எட்டு ஜி.பி. வருது டீச்சர். அத வச்சு முடிவு பண்ணுங்க.”

பகவதி டீச்சர் என் பக்கம் திரும்பினார். “ஏ உலகு, நீ படிக்கிற பிள்ளைலா? எது நல்லதுன்னு ஒரு அறிக்கை எழுதிக் குடு. நாலு பக்கத்துக்கு மேல போயிராத. செயலர் ஐயா படிக்க மாட்டாரு.”

அலுவலக உதவியாளர் சண்முகக்கனி அக்கா கோப்போடு வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கம்ப்யூட்டரில் தினமும் வேலை செய்கிறவர் அவர் ஒருவர்தான். அவரிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை. அவர் ஏழு வருடமாகத் தற்காலிகப் பணியில் இருக்கிறார். இருபதாம் தேதி நிர்வாகக் குழு கூடி அவரை நிரந்தரமாக்கப் போகிறது. உத்தரவைத் தாளில் டைப் அடித்தே விட்டார்கள், கையெழுத்துதான் பாக்கி. டைப் அடித்ததும் கனியக்காதான்.

நவம்பர் 4, செவ்வாய்

மொகரம். பள்ளிக்கு விடுமுறை, படிக்கலாம் என்று போனால் கிளை நூலகத்துக்கும் விடுமுறை. அறிவு வளராமல் பார்த்துக்கொள்வதில் இந்த ஊர் எதையும் விட்டுவைப்பதில்லை.

நவம்பர் 5, புதன்

அறிக்கை முடிந்தது. தலைப்பு: “32 பிட், 64 பிட்: ஓர் ஆய்வு.” ‘ஓர் ஒப்பீடு’ என்று முதலில் எழுதினேன். ஆய்வு என்றால் கனமாக இருக்கிறது.

வாதம் மிக எளியது. முப்பத்திரண்டு பிட் அமைப்பால் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 296 இடங்களைத்தான் எண்ண முடியும். அதாவது நான்கு ஜி.பி. நமது கம்ப்யூட்டரில் எட்டு இருக்கிறது. முப்பத்திரண்டைப் போட்டால் பாதி நினைவகம் சும்மா கிடக்கும். எட்டு அறை கொண்ட வீட்டைக் கட்டி நான்கு அறையைப் பூட்டிவைப்பது போல என்று எழுதினேன். இந்த உவமை எனக்கே பிடித்திருக்கிறது.

திங்கள் மாலையே எடுத்துவந்த நூலகப் புத்தகத்தில் பழைய பதினாறு பிட் நிரல்களைப் பற்றியும் ஒரு வரி இருந்தது. அவை முப்பத்திரண்டில் ஓடும், அறுபத்து நான்கில் ஓடவே ஓடாது என்று. நான்காம் பக்கத்தின் கடைசியில் அதற்கு இடம் இல்லை. எழுத்தைச் சுருக்கினால் இடம் வந்திருக்கும்தான். ஆனால் “ஆகவே அறுபத்து நான்கே சிறந்தது” என்று கம்பீரமாக முடிகிற பத்தியின் கீழே அப்படி ஒரு வரி வந்தால் பார்க்க நன்றாக இருக்காது. அதோடு, நான் பிறப்பதற்கு முன்னால் எழுதிய நிரலை இந்தக் காலத்தில் யார் வைத்திருப்பார்கள்?

மதியம் கனியக்கா என்னை வராந்தாவில் நிறுத்தினார்.

“பாப்பா, நம்ம பழைய புரோகிராம் புதுசுல ஓடும்லா? அதுலதான் பிள்ளைங்க விவரம் பூரா கெடக்கு.”

அவர் சொன்னது ஒரு கறுப்புத் திரை. அதில் வெள்ளை எழுத்துகள் வரும், மவுஸுக்கு வேலையே இல்லை. 1996-ல் பள்ளி நிர்வாகச் செயலர் ஐயாவின் மருமகன் எழுதிக் கொடுத்தது. பள்ளியில் சேர்ந்த ஒவ்வொரு பெண்ணும் அதற்குள் இருக்கிறாள்.

“ஓடும் அக்கா. புதுசு பழசை விட ரெண்டு மடங்குல்லா?” என்றேன்.

கேட்கிறவரை எதற்குக் கவலைப்படுத்த வேண்டும்?

நவம்பர் 7, வெள்ளி

செயலர் ஐயா அறிக்கையின் முதல் பக்கத்தையும் கடைசிப் பத்தியையும் படித்துவிட்டுப் பச்சை மையில் கையெழுத்துப் போட்டாராம். நடுவில் இரண்டு நாள் உழைப்பு இருக்கிறது, அது இருக்கட்டும்.

மைதீன் அண்ணன் வந்து அறுபத்து நான்கைப் போட்டார். பழைய கம்ப்யூட்டரிலிருந்த எல்லாவற்றையும் புதியதில் நகலெடுத்தார். “பழைய புரோகிராம் எதுவும் இருக்கா டீச்சர்?” என்று கேட்டார். “எல்லாம் ரிப்போர்ட்ல பாத்தாச்சு,” என்றார் பகவதி டீச்சர். அண்ணன் என்னைப் பார்த்தார். நான் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தேன். நல்ல காலண்டர், மயில் படம் போட்டது.

பழைய கம்ப்யூட்டரைக் கழற்றி ஆட்டோவில் ஏற்றினார்கள். உதிரிப்பாகங்களுக்கு ஆகுமாம்.

புதியதற்குத் தமிழ் டீச்சர் சந்தனம், குங்குமம் வைத்தார். காற்றுப் போகிற துளையின் மேல் வைத்தார்.

நவம்பர் 10, திங்கள்

ஒரு சிறிய சிக்கல்.

கனியக்கா பழைய புரோகிராமைத் திறந்தார். ஆங்கிலத்தில் ஓர் அறிவிப்பு வந்தது. இந்த நிரல் உங்கள் விண்டோஸுக்குப் பொருந்தாது, வெளியீட்டாளரைத் தொடர்புகொள்ளவும் என்றது. மறுபடி திறந்தார். மறுபடி அதுவே. பதினோரு முறை திறந்தார். கம்ப்யூட்டர் ஒருமுறைகூடப் பொறுமை இழக்கவில்லை.

வெளியீட்டாளர் மஸ்கட்டில் இருக்கிறார். பகவதி டீச்சர் போன் செய்தார். மருமகன் முழு விவரத்தையும் கேட்டுவிட்டு, “அது இன்னுமா ஓடிக்கிட்டிருந்துச்சு?” என்று ஆச்சரியப்பட்டாராம். தொடர்புகொண்டதில் கிடைத்த பலன் அவ்வளவுதான்.

பன்னிரண்டாம் வகுப்பில் நூற்று எண்பத்தேழு பேர். பொதுத்தேர்வுக்கான அவர்களுடைய பெயர்ப்பட்டியல் இருபத்தோராம் தேதிக்குள் கல்வி அலுவலகத்துக்குப் போக வேண்டும். பட்டியல் அந்தப் புரோகிராமுக்குள் இருக்கிறது. கோப்பு பத்திரமாக இருக்கிறது, ஆனால் திறக்காது.

நவம்பர் 11, செவ்வாய்

இன்று தர்க்க சாஸ்திரத்தில் எனக்கு நல்ல பயிற்சி கிடைத்தது.

புரோகிராமில் குறை என்று சொல்ல முடியாது. எழுதியவர் செயலர் ஐயாவின் மருமகன். கம்ப்யூட்டரில் குறை என்று சொல்ல முடியாது. கொடுத்தவர்கள் முன்னாள் மாணவியர், ஆண்டு விழாவுக்கு வருவார்கள். அறிக்கையில் குறை என்று சொல்ல முடியாது. கையெழுத்துப் போட்டவர் செயலர் ஐயா. மிச்சம் இருப்பது கனியக்கா.

“என்னத்த அமுக்கித் தொலைச்சே?” என்று பகவதி டீச்சர் கத்தியது எங்கள் வகுப்பு வரை கேட்டது.

“நான் ஒண்ணும் அமுக்கலை டீச்சர். எப்பவும் அமுக்குததத்தான் அமுக்குனேன்.”

“ஏழு வருசமா அமுக்குததுலதான் அது கெட்டுப் போச்சோ என்னமோ!”

மதிய இடைவேளையில், புளியங்காயை உப்பில் தொட்டுக்கொண்டே என் பக்கத்து இருக்கைக்காரி பேச்சி கேட்டாள். “ஏட்டி, அறுபத்து நாலுன்னு எழுதிக் குடுத்தது நீதான?”

பரிந்துரைப்பது வேறு, முடிவெடுப்பது வேறு என்று அவளுக்கு விரிவாக விளக்கினேன்.

“சரிட்டி. எழுதிக் குடுத்தது நீதான?” என்றாள்.

படிப்பு வாசனை இல்லாதவர்களோடு விவாதிப்பது கடினம்.

நவம்பர் 12, புதன்

கனியக்காவுக்கு மெமோ. “கவனக்குறைவால் பள்ளி ஆவணங்கள் பயன்படாமல் போனதற்கு விளக்கம் தருக.” இருபதாம் தேதிக் கூட்டத்தில் அதைப் பார்த்துவிட்டுத்தான் நிரந்தர உத்தரவைப் பற்றிப் பேசுவார்களாம். செயலர் ஐயாவின் தம்பி மகள் பி.காம். முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருக்கிறாள் என்றும் கேள்வி. இரண்டுக்கும் தொடர்பு இருப்பதாக யாரும் சொல்லவில்லை. எல்லோரும் அடுத்தடுத்த வாக்கியங்களில் மட்டும் சொல்கிறார்கள்.

கனியக்கா பட்டியலைக் கையாலேயே திரும்பத் தயாரிக்கிறார். பெயரும் பிறந்த தேதியும் சேர்க்கைப் பதிவேட்டில் இருக்கின்றன. அங்க அடையாளம் மட்டும் கம்ப்யூட்டரில்தான் இருந்தது. ஆளுக்கு இரண்டு மச்சம். ஆகவே பன்னிரண்டாம் வகுப்பு முழுவதும் வராந்தாவில் வரிசையாக நிற்க, கனியக்கா ஒவ்வொருத்தியாகப் பார்த்து மச்சம் தேடுகிறார். என்னை எழுதச் சொல்லி அனுப்பினார்கள். என் கையெழுத்து நன்றாக இருக்குமாம்.

“எழுதிக்கோ பாப்பா. வலது முழங்கைக்குக் கீழ ஒண்ணு. ஏட்டி, கழுத்தத் திருப்பு. இது மச்சமா, பேனா மையா?”

“மச்சந்தான் அக்கா.”

“எச்சில் தொட்டுத் தேய்ச்சுப் பாரு… இந்தா, போயிட்டுதுல்லா! பொய் சொல்லுதா பாரு. எழுதாத பாப்பா.”

எல்லோரும் சிரித்தார்கள். கனியக்காவும் சிரித்தார். மாலைக்குள் நாற்பத்தொரு பேர் முடிந்தது. போகும்போது, “கையி வலிக்கா? எனக்காக ஒன் பாடம் போகுது பாரு,” என்றார்.

எனக்குக் கை வலிக்கவில்லை.

நவம்பர் 13, வியாழன்

நூலகத்துக்குப் போய் அந்தப் புத்தகத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். பக்கம் 118. அந்த வரியின் கீழே பென்சிலால் மெல்லியதாகக் கோடு போட்டிருக்கிறது. நூலகப் புத்தகத்தில் கோடு போடுகிறவர்களை என்ன செய்வது என்றே தெரியவில்லை. அழித்தேன். முழுதாக அழியவில்லை.

நவம்பர் 14, வெள்ளி

குழந்தைகள் தின விழா. எனக்குப் பரிசு.

இதை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை, நடந்தபடியே எழுதுகிறேன். பேச்சுப் போட்டி, மாறுவேடப் போட்டி எல்லாம் முடிந்த பிறகு பகவதி டீச்சர் மைக்கில், “பள்ளியின் நவீனமயமாக்கலுக்கு ஆய்வறிக்கை தந்த இளம் அறிஞர்” என்றார். பக்கத்தில் யாரென்று திரும்பிப் பார்த்தேன். என்னைத்தான். செயலர் ஐயா எவர்சில்வர் டம்ளர் ஒன்றைக் கையில் கொடுத்தார். கொடுத்துவிட்டு மைக்கைப் பிடித்தார்.

“இந்தச் சின்னப் பிள்ளைக்கு இருக்க அறிவுல கால்வாசி ஆபீஸ்ல இருக்கவங்களுக்கு இருந்தா நம்ம பள்ளிக்கூடம் எங்கயோ போயிருக்கும்!”

கூட்டம் கை தட்டியது. கனியக்கா மேடையின் ஓரத்தில் மிட்டாய்த் தட்டோடு நின்றார். தட்டைக் கீழே வைத்தார். அவரும் தட்டினார். தட்டிவிட்டு என்னைப் பார்த்து, நல்லது என்பது போலத் தலையை அசைத்தார்.

அவருக்கு அறிக்கையில் என்ன இருந்தது என்று தெரியாது. அறிக்கையில் என்ன இல்லை என்பதும் தெரியாது.

நவம்பர் 15, சனி

டம்ளரில் அம்மா காப்பி கொடுத்தார். சூடு அதிகம். குடிக்கவில்லை.

நவம்பர் 17, திங்கள்

பள்ளி விட்டதும் மைதீன் அண்ணன் கடைக்குப் போனேன். பென்டிரைவ் விலை கேட்கத்தான் போனேன். பேச்சு எப்படியோ அந்தப் பக்கம் போய்விட்டது.

“அறுபத்து நாலுல அந்தப் பழசு ஓடாதும்மா. தலைகீழா நின்னாலும் ஓடாது. முப்பத்திரண்டு போட்டா இப்பவே ஓடும்.”

“வேற வழியே இல்லையா அண்ணே?”

“ஒண்ணு ரெண்டு இருக்கு. ஆனா ஒங்க பழைய பிரிண்டர்ல அடிக்காது. கல்வி ஆபீஸ்ல பேப்பராத்தான கேக்காங்க? முப்பத்திரண்ட போடு. மெமரி பாதி சும்மா கெடக்கும். கெடந்துட்டுப் போகட்டும். கனியம்மா என்ன, அதுல சினிமாவா எடுக்கப் போகுது? பட்டியல் அடிக்கணும், அவ்வளவுதான?”

எட்டு அறை வீடு என்று நான் எழுதியதை இவர் படித்திருப்பாரோ என்று கூச்சமாக இருந்தது.

“டீச்சர்ட்ட ஒரு லெட்டர் வாங்கிட்டு வா. ஒண்ணர மணி நேரத்துல போட்டுருவேன்,” என்றார். பிறகு ஸ்க்ரூ டிரைவரைத் துடைத்துக்கொண்டே கேட்டார். “புஸ்தகத்துல இது போட்டிருக்குமே. நீ பாக்கலியா?”

பென்டிரைவ் விலை என்ன என்று கேட்டேன்.

நவம்பர் 18, செவ்வாய்

இரண்டாவது அறிக்கை. ஒரே பக்கம். தலைப்பு வைக்கவில்லை. “முதல் அறிக்கையில் ஒரு வரி விடுபட்டுள்ளது. கம்ப்யூட்டரில் முப்பத்திரண்டைப் போட்டால் பட்டியல் கிடைக்கும். தவறு கனியக்காவுடையது அல்ல.”

பகவதி டீச்சர் படித்தார். கதவைச் சாத்தச் சொன்னார்.

“ஏட்டி உலகு, ஒனக்குப் புத்தி இருக்கா? செயலர் ஐயா மேடையில வச்சுப் பரிசு குடுத்திருக்காரு. பச்சை மையில கையெழுத்துப் போட்டிருக்காரு. இப்பப் போய்த் தப்புன்னா அவரு மூஞ்சிய எங்க கொண்டு வைக்கதுக்கு?”

“கனியக்கா வேலை டீச்சர்…”

“அவ பாவந்தான். அதுக்காக நாம என்ன செய்ய? பன்னெண்டாப்புப் போறப்ப ஒனக்குத்தான ஸ்கூல் லீடர் தரலாம்னு இருக்கேன்? போ, போய்ப் படி.”

தாளை நான்காக மடித்து என் கையிலேயே கொடுத்துவிட்டார். ஸ்கூல் லீடருக்குத் தனி பேட்ஜ் உண்டு. நீல நிறம்.

நவம்பர் 19, புதன்

மச்சம் பார்த்து நூற்று முப்பது பேர் முடிந்தது. மீதியில் இருபது பேர் காய்ச்சல் விடுப்பு. நாளைக்குள் முடியாது. கனியக்காவுக்கும் அது தெரிகிறது. இன்று அவர் யாரையும் கிண்டல் செய்யவில்லை.

நீல நிறம் எனக்கு அப்படி ஒன்றும் பொருந்தாது.

நவம்பர் 20, வியாழன்

நிர்வாகக் குழு பதினொரு மணிக்குக் கூடியது. எனக்கு அப்போது கணக்குப் பாடம். தண்ணீர் குடிக்க அனுமதி வாங்கிக்கொண்டு, நூலகப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு போனேன். தண்ணீர் குடிக்கப் புத்தகம் எதற்கு என்று கணக்கு டீச்சர் கேட்கவில்லை. நான் எங்கே போனாலும் புத்தகத்தோடு போகிறவள் என்று நினைத்திருப்பார்.

கதவு திறந்திருந்தது. ஐந்து ஐயாக்கள் நாற்காலியில். பகவதி டீச்சர் ஓரத்தில். கனியக்கா நின்றுகொண்டிருந்தார்.

“புரோகிராம்ல குறையில்ல. கம்ப்யூட்டர்ல குறையில்ல. அப்ப யார்ட்ட குறை?” என்று செயலர் ஐயா கேட்டுக்கொண்டிருந்தார். “நீயே சொல்லும்மா.”

“என்கிட்ட ஐயா,” என்றேன் வாசலிலிருந்து.

இந்த இடத்தில் நான் மிகத் தெளிவாகப் பேசினேன் என்று எழுத ஆசைதான். புத்தகம் கையிலிருந்து விழுந்தது. எடுத்து, 118-ஆம் பக்கத்தைத் திறந்து மேசையில் வைத்தேன். ஆங்கிலத்தில் இருந்ததால் ஐந்து பேரும் அதைப் படிப்பது போலப் பார்த்தார்கள். பிறகு தமிழில் சொன்னேன். பழைய புரோகிராமில் குறையே இல்லை ஐயா, அது நல்ல புரோகிராம், அறுபத்து நான்கு அதை உள்ளே விடாது, முப்பத்திரண்டு விடும் என்று.

“அப்ப மருமகன் எழுதுனது சரிதான்!” என்று செயலர் ஐயா நிமிர்ந்து உட்கார்ந்தார். அறையில் காற்றோட்டம் வந்தது போல இருந்தது. அதோடு முடிந்திருக்கலாம். அவர் சட்டென்று கேட்டார். “இது ஒனக்கு எப்பத் தெரியும்?”

நேற்றுத்தான் பார்த்தேன் என்று சொல்லியிருக்கலாம். பகவதி டீச்சரின் கண்கள் அப்படித்தான் சொல்லச் சொல்லின.

“அஞ்சாம் தேதியே தெரியும் ஐயா. அறிக்கை எழுதுறப்பவே. வேணும்னுதான் விட்டேன். அக்கா அன்னைக்கே வந்து கேட்டாங்க. ஓடும்னு சொன்னேன்.”

கனியக்கா திரும்பி என்னைப் பார்த்தார். இரண்டு வாரமாக நான் எதைப் பார்க்காமல் காலண்டரையும் பேச்சியின் புளியங்காயையும் பார்த்துக்கொண்டிருந்தேனோ, அது அந்த முகம்தான்.

“தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா,” என்றார் மெதுவாக, “நான் மைதீன்ட்டக் கேட்டிருப்பேம்லா பாப்பா.”

எனக்குத் தெரியும் என்பதுதான் சிக்கலே.

இரண்டு மணிக்கு மைதீன் அண்ணன் வந்தார். மூன்றரைக்குக் கறுப்புத் திரை வந்தது. நாலேகாலுக்குப் பிரிண்டர் கத்த ஆரம்பித்தது. நூற்று எண்பத்தேழு பேர், முந்நூற்று எழுபத்து நான்கு மச்சம்.

நவம்பர் 21, வெள்ளி

பட்டியல் போய்விட்டது. கனியக்காவின் உத்தரவில் கையெழுத்தாகிவிட்டது. அதுவும் பச்சை மைதான். ஸ்கூல் லீடர் பற்றி யாரும் எதுவும் பேசவில்லை. பேச்சி மட்டும் புளியங்காயில் பாதி கொடுத்தாள்.

கடைசிப் பாடவேளையில் கனியக்கா வகுப்புக்கு வந்தார். கையில் ஒரு தாள். நிரந்தரப் பணியாளராக அவர் டைப் அடித்த முதல் கடிதம்: “நிர்வாகத்துக்குத் தவறான தகவல் தந்ததற்குப் பதினொன்றாம் வகுப்பு மாணவி உலகம்மாள் எழுத்துப்பூர்வமாக விளக்கம் தருக.” பிழையே இல்லாமல் அடித்திருந்தார்.

கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன்.

“எத்தனை பக்கம் அக்கா?” என்று கேட்டேன்.

கனியக்கா கோப்பிலிருந்து வெள்ளைத் தாள்களை எடுத்து, எண்ணாமல் என் மேசையில் வைத்தார்.

“பத்தலைன்னா ஆபீஸ்ல வந்து இன்னும் வாங்கிக்கோ. எதையும் விட்டுராத.”